புயல் சீசன்ல வீட்டு செப்டிக் சிஸ்டத்தை காப்பாத்துறது எப்படி: அடிக்கடி வர்ற கேள்விகள்

ஃப்ளோரிடாவுக்கு வீடு வாங்கி வர்ற நம்ம ஆளுங்க ஜன்னலுக்கு ஷட்டர், ஜெனரேட்டர், தண்ணி பாட்டில் எல்லாம் கரெக்டா ரெடி பண்ணிடுவாங்க, ஆனா பின்னாடி புல்லுக்கு அடியில புதைஞ்சு கிடக்கிற செப்டிக்கை பத்தி ஒருத்தரும் யோசிக்கறதில்ல, கமோட்ல தண்ணி ஏற ஆரம்பிச்ச அப்புறம்தான் போன் பண்றாங்க. ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருது, அதனால எனக்கு தெரிஞ்சதை ஒரே இடத்துல எழுதி வெச்சிடுறேன்.

எங்க வீட்டுல செப்டிக் இருக்கா, சிட்டி சீவர், அதாவது ஊர் பொது சாக்கடை லைன் இருக்கான்னே தெரியல. எப்படி கண்டுபிடிக்கிறது?

தண்ணி பில்லை எடுத்துப் பாருங்க. சீவர் சார்ஜ்னு தனியா ஒரு லைன் இருந்தா சிட்டி கனெக்ஷன், இல்லேன்னா பெரும்பாலும் செப்டிக்தான். கிணத்துத் தண்ணி வீடா இருந்தாலும் பெரும்பாலும் செப்டிக்தான். செப்டிக் பர்மிட் பேப்பர்ல டேங்க் எங்க இருக்கு, டேங்க் தண்ணி மண்ணுல இறங்குற டிரெயின்ஃபீல்டு எங்க ஓடுதுன்னு படம் போட்டிருப்பாங்க. ஃப்ளோரிடாவுல இந்த செப்டிக் விவகாரம் 2021 ஜூலைல மாநில ஹெல்த் டிபார்ட்மென்ட் கையில இருந்து சுற்றுச்சூழல் துறைக்கு மாறிடுச்சு, ஆனா கவுண்டியை (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பொறுத்து பேப்பர் இன்னும் கவுண்டி ஹெல்த் ஆபீஸ்ல இருக்கலாம், போன் போட்டு கேட்டா சொல்லுவாங்க.

டேங்க் மூடி இருக்கிற இடத்தை போட்டோ எடுத்து, வீட்டு சுவத்துல இருந்து எத்தனை அடின்னு அளந்து எழுதி வெச்சுக்கோங்க. மரம் விழுந்து, மண்ணு மூடி, யார்டே அடையாளம் தெரியாம கிடக்கும்போது அந்த அளவுதான் உதவும்.

செப்டிக் டேங்க்னா எல்லாத்தையும் புடிச்சு வெச்சுக்கிற தொட்டிதானே?

இல்ல. இங்கதான் நம்ம ஆளுங்க தப்பா நினைக்கறாங்க. டேங்க் எப்பவுமே ஃபுல்லாதான் இருக்கும். கனமானது அடியில படியும், எண்ணெய் கொழுப்பெல்லாம் மேல ஏடு மாதிரி மிதக்கும், நடுவுல இருக்கிற தண்ணி வெளிய போய் டிரெயின்ஃபீல்டுங்கற ஓட்டை போட்ட பைப்புகள் வழியா மண்ணுல இறங்கும். கழிவுத் தண்ணியை நிஜமா சுத்தம் பண்றது அந்த மண்ணும் அதுல இருக்கிற பாக்டீரியாவும்தான். அதுக்கு மண்ணுல காத்து இருக்கணும், அதனாலதான் ஃப்ளோரிடாவுல புது சிஸ்டம் போடும்போது டிரெயின்ஃபீல்டு அடிமட்டத்துக்கும் மழைக்கால நிலத்தடி நீர் மட்டத்துக்கும் நடுவுல 24 இன்ச் உலர்ந்த மண் இருக்கணும்னு விதி.

புயல் வந்தா இந்த 24 இன்ச்தான் முதல்ல காலி. காத்து எவ்வளவு அடிச்சாலும் புதைஞ்சு கிடக்கிற டேங்குக்கு ஒண்ணும் ஆகாது, நிலத்துல தண்ணி ஏறி மண்ணு நிறைஞ்சிடுச்சுன்னா டேங்க்ல இருந்து வெளிய போற தண்ணிக்கு போக இடம் இல்ல. நீங்க ஃப்ளஷ் பண்ண பண்ண அது வீட்டுப் பக்கமே திரும்பி வரும். கீழ இருக்கிற எல்லா பதிலும் இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

புயல் வர்றதுக்கு முன்னாடி டேங்கை சுத்தமா காலி பண்ணி வெச்சா நிறைய இடம் கிடைக்குமே?

எல்லாருக்கும் முதல்ல தோணுற ஐடியா இதுதான், எனக்கும் தோணுச்சு. நான் வீடு வாங்கின முதல் வருஷம் புயலுக்கு ரெண்டு நாள் முன்னாடி பம்ப் லாரிக்காரருக்கு போன் பண்ணி அவசரமா வாங்கன்னு கெஞ்சினேன், அவர் நல்ல மனுஷன், காசை வாங்கிட்டு வேலையை பாக்காம உட்கார வெச்சு விளக்கி சொன்னார்.

கணக்கு இப்படி. 1000 காலன் டேங்க்னா உள்ள இருக்கிற தண்ணி மட்டுமே 8300 பவுண்டுக்கு மேல. அந்த வெயிட்தான் டேங்கை கீழ அமுக்கி வெச்சிருக்கு. அதை காலி பண்ணிட்டு சுத்தி இருக்கிற மண்ணுல தண்ணி ஏறினா, டேங்க் காலி டப்பா மாதிரி மேல தூக்கும். பிளாஸ்டிக், ஃபைபர்கிளாஸ் டேங்க் வெறும் சில நூறு பவுண்டுதான், அது சுலபமா மிதந்துடும். கான்கிரீட் டேங்க் கனம்தான், ஆனாலும் அதுவும் நகர்ந்தா இன்லெட் அவுட்லெட் பைப் ரெண்டும் முறிஞ்சிடும். அப்புறம் ரிப்பேர் கிடையாது, புதுசுதான்.

அதுவும் இல்லாம காலி பண்ணி கிடைக்கிற இடம் எவ்வளவு நாள் வரும்? மூணு பெட்ரூம் வீட்டுக்கு இங்க கணக்கு போடுறதே நாளுக்கு 300 காலன். மூணு நாலு நாள்ல உங்க உபயோகத்துலயே ரொம்பிடும், மூடி, ஜாயின்ட் வழியா வெள்ளத் தண்ணி உள்ள போனா ஒரு மணி நேரம்கூட தாங்காது.

பம்ப் பண்ற நேரம் வந்துடுச்சுன்னா மே மாசத்துலயே, தரை காய்ஞ்சு இருக்கும்போது பண்ணிடுங்க. பொதுவா 3ல இருந்து 5 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், அதான் ஈபிஏ, சொல்லுது. பண்ணின கையோட வீட்டு உபயோகத்துல டேங்க் திரும்ப ரொம்பிடும், சீசன் சூடு பிடிக்கிற ஆகஸ்ட் செப்டம்பர்ல வெயிட்டோட உட்கார்ந்திருக்கும்.

சரி, மே மாசத்துல வேற என்னென்ன பாக்கணும்?

மூடி. டேங்க்ல இருந்து தரை மட்டத்துக்கு வர்ற குழாய்தான் ரைசர், அந்த ரைசர் மூடில விரிசல் இருக்கா, ஸ்க்ரூ எல்லாம் இருக்கா, கேஸ்கெட் பிஞ்சு போயிருக்கான்னு பாருங்க. ஒரு சின்ன விரிசல் வழியாவே யார்டுல தேங்குற தண்ணி, மண்ணு, எல்லாம் டேங்க்குள்ள போய்டும். இன்ஸ்பெக்ஷன் பைப்புக்கு மேல இருக்கிற கேப் புல்வெட்டுற மெஷின் பட்டு உடைஞ்சு கிடக்கும், அதையும் யாரும் பாக்கறதில்ல.

அப்புறம் ரூஃப் தண்ணி. இதை ரொம்ப பேர் விட்டுடுறாங்க, என்னை கேட்டா இதுதான் முக்கியம். 2000 சதுர அடி கூரைல 1 இன்ச் மழை பெஞ்சா சுமார் 1250 காலன் தண்ணி, அதாவது ஒரு செப்டிக் டேங்குக்கு மேல. புயல்ல 10 இன்ச் கொட்டினா 12,000 காலனுக்கு மேல போகுது. கூரைத் தண்ணியை இறக்குற உங்க கட்டர் பைப் டிரெயின்ஃபீல்டு பக்கம் திரும்பி இருந்தா இத்தனையும் அதே மண்ணுலதான் இறங்கும், அப்புறம் நீங்க ஷவர் நேரத்தை குறைச்சு என்ன பிரயோஜனம். ஒரு எக்ஸ்டென்ஷன் பைப் வாங்கி வேற பக்கம் திருப்பி விடுங்க, ஒரு மணி நேர வேலை.

தண்ணி ரிட்டர்ன் ஆகாம இருக்க பேக்வாட்டர் வால்வுன்னு ஒண்ணு இருக்கு, வீட்டுல இருந்து வெளிய போற மெயின் லைன்ல போடுவாங்க. தாழ்வான இடத்துல வீடு இருந்தா பிளம்பரை வெச்சு போட்டுக்கறது நல்லது. ஆனா ஒண்ணு, வால்வு மூடி இருக்கும்போது உள்ள இருந்தும் ஒண்ணும் வெளிய போகாது, அதை மறந்துட்டு ஃப்ளஷ் பண்ணினா உங்க தண்ணி உங்க வீட்டுக்குள்ளயே.

வாட்ச் போட்டுட்டாங்க. இனி ரெண்டு நாள்தான். இப்ப என்ன?

ஹரிக்கேன் வாட்ச்னா புயல் காத்து வர்றதுக்கு சுமார் 48 மணி நேரம் முன்னாடி, வார்னிங்னா 36 மணி நேரம். இந்த நேரத்துக்குள்ள துணி துவைக்கறது, டிஷ்வாஷர் எல்லாம் முடிச்சிடுங்க, மழை ஆரம்பிச்ச அப்புறம் வேண்டாம். மூடிகளை இறுக்குங்க. நீச்சல் குளத்துல தண்ணி குறைக்கணும்னா டிரெயின்ஃபீல்டு பக்கம் விடவே கூடாது. பம்ப் வெச்ச சிஸ்டமா இருந்து ஏரியா வெள்ளத்துல மூழ்குற ஏரியான்னா, கிளம்பும்போது அந்த பம்ப் பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு போங்க.

டப்புல தண்ணி புடிச்சு வெப்பீங்க இல்லையா, அது நல்லதுதான், நம்ம ஊர் மாதிரி பக்கெட்ல எடுத்து ஊத்தினா கமோட் ஃப்ளஷ் ஆகும், 1.6 காலன் போதும். ஆனா புயல் முடிஞ்சதும் மிச்ச தண்ணியை பிளக்கை புடுங்கி விட்டுடாதீங்க. ரெண்டு டப்புன்னா 80, 100 காலன் ஒரே அடியா, ஏற்கனவே மூச்சு முட்டிட்டு இருக்கிற மண்ணுக்கு போகும். பக்கெட்ல மொண்டு டிரெயின்ஃபீல்டு இல்லாத பக்கமா செடிக்கு ஊத்திடுங்க.

கடலோரத்துல இருந்து நண்பர்கள் குடும்பம் குடும்பமா எங்க வீட்டுக்கு வந்து தங்குறாங்க. செப்டிக் தாங்குமா?

நம்ம சனத்துக்கே உரிய கேள்வி. நாலு பேர் வீட்டுல பதினாலு பேர், மூணு வேளை சமையல், எல்லாரும் காலைல குளியல். வராதீங்கன்னு யாரும் சொல்ல மாட்டோம், சொல்லவும் கூடாது. வந்ததும் கூச்சப்படாம சொல்லிடுங்க: இது செப்டிக் வீடு, மஞ்சளா இருந்தா விட்டுடுங்க, பழுப்பா இருந்தா மட்டும் ஃப்ளஷ், குளியல் சின்னதா ஒண்ணு. பேப்பர் பிளேட் வாங்கி வெச்சிடுங்க. சமையல் எண்ணெயை சிங்க்ல ஊத்த விடாதீங்க, சிங்க் கிரைண்டரை யாரும் தொடவே வேண்டாம். வெட் வைப்ஸ் பாக்கெட்ல ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருந்தாலும் குப்பைலதான் போடணும், கைக்குழந்தையோட வர்றவங்ககிட்ட இதை தனியா ஒரு தடவை சொல்லுங்க.

கரண்ட் போனா செப்டிக் வேலை செய்யுமா?

சாதாரண கிராவிட்டி சிஸ்டத்துக்கு கரண்ட் தேவையே இல்ல, அது பாட்டுக்கு போகும். ஆனா யார்டுல மேடு மாதிரி கட்டின மவுண்டு சிஸ்டம், பம்ப் டேங்க் வெச்சது, காத்து ஊதுற ஏரோபிக் யூனிட், இதெல்லாம் கரண்ட் இல்லேன்னா நின்னுடும். பம்ப் டேங்க்ல அலாரம் மட்டத்துக்கு மேல கொஞ்சம் காலி இடம் விட்டுதான் கட்டியிருப்பாங்க, சிக்கனமா இருந்தா கொஞ்ச நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். அலாரம் அடிச்சா சத்தத்தை நிறுத்தற பட்டனை அமுக்கிட்டு தண்ணி உபயோகத்தை நிறுத்துங்க, நிறைய பேர் சத்தம் நின்னதும் பிரச்சனையும் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு குளிக்க போயிடுறாங்க.

ஜெனரேட்டர்ல பம்ப் ஓட்டலாமான்னா, எலக்ட்ரீஷியன் முறையா கனெக்ஷன் கொடுத்திருந்தா ஓட்டலாம். ஆனா மவுண்டே தண்ணியில ஊறி கிடக்கும்போது பம்ப் ஓட்டி என்ன பண்ண போறீங்க, அது மேட்டோட ஓரத்துல இருந்து கசிஞ்சு யார்டுக்குதான் வரும்.

இன்னொன்னு, நாலு நாள் கழிச்சு கரண்ட் வந்ததும் பம்ப் அத்தனை நாள் சேர்ந்ததை ஒரே மூச்சுல தள்ளும், டிரெயின்ஃபீல்டு திணறிடும். ஆட்டோமேட்டிக்ல விடாம கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, சில மணி நேரம் விட்டு திரும்ப ஓட்டினா நல்லது. வெள்ளம் ஏறின இடமா இருந்தா கன்ட்ரோல் பாக்ஸ், ஒயர் எல்லாம் காய்ஞ்சு ஒரு எலக்ட்ரீஷியன் பாக்கற வரைக்கும் பிரேக்கரை போடவே போடாதீங்க.

கமோட்ல களக் களக்னு சத்தம் வருது, ஷவர் டிரெயின்ல கறுப்பா தண்ணி ஏறுது. என்ன செய்ய?

எல்லா குழாயையும் மூடுங்க. தண்ணி உபயோகம் ஸ்டாப். வீட்டுலயே தாழ்வா இருக்கிற ஓட்டை ஷவர் டிரெயின்தான், அதனால முதல்ல அங்கதான் காட்டும். டிரெயின் கெமிக்கல் ஊத்தாதீங்க, இது அடைப்பு இல்ல, வெளிய போக இடம் இல்லாத பிரச்சனை. மண்ணு வடியற வரைக்கும் ஒரு பக்கெட்ல கனமான குப்பைப் பை போட்டு, பூனை கழிவுக்குன்னு கடைல விக்கிற மணலைத் தூவி உபயோகிக்கலாம், கேக்க சங்கடமா இருக்கும், ஆனா ஹால் கார்ப்பெட்ல சாக்கடை ஏறுறதை விட மேல்.

வெள்ளம் வடிஞ்சு ஊரெல்லாம் காய்ஞ்ச அப்புறமும் இப்படியே இருந்தா, மேல மிதக்கிற கொழுப்பு ஏடு தண்ணியோட தூக்கி அவுட்லெட்டை அடைச்சிருக்கலாம், அப்ப டெக்னீஷியனை கூப்பிடுங்க. நீங்களே மூடியை திறந்து எட்டிப் பாக்காதீங்க, உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும், ஒருத்தர் மயங்கி விழுந்து அவரை தூக்கப் போன இன்னொருத்தரும் சேர்ந்து போற விபத்துங்கறது நம்ம ஊர்லயே எத்தனை பாத்திருக்கோம்.

வெள்ளம் வடிஞ்சிடுச்சு. இப்பவாவது பம்ப் பண்ணலாமா?

யார்டு மேல தண்ணி தெரியலன்னா அடில வடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நிலத்தடி மட்டம் இறங்க ஒரு வாரமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். மண்ணு ஊறி இருக்கும்போது பம்ப் பண்ணினா, புயலுக்கு முன்னாடி சொன்ன அதே மிதக்கிற கதைதான், ஈபிஏ-வும் மண்ணு ஊறி இருக்கும்போது பம்ப் பண்ணாதீங்கன்னுதான் சொல்லுது. டிரெயின்ஃபீல்டுல தண்ணி மட்டம் வீட்டைச் சுத்தி இருக்கிற தண்ணி மட்டத்தை விட கீழ இறங்கின அப்புறம்தான் பழையபடி உபயோகிக்கணும். டேங்க்குள்ள வெள்ளத் தண்ணியோட சேறு போயிருந்தா அதை கண்டிப்பா எடுக்கணும், இல்லேன்னா அந்த சேறு டிரெயின்ஃபீல்டு பைப்புக்குள்ள போய் நிரந்தரமா அடைச்சிடும். ஆனா அதுவும் தரை காய்ஞ்ச அப்புறம். புயலுக்கு மறுநாளே கதவைத் தட்டி இன்னைக்கே பம்ப் பண்ணியாகணும்னு பயமுறுத்தறவங்க வருவாங்க, லைசென்ஸ் நம்பர் கேளுங்க, பாதி பேர் அப்படியே திரும்பி போயிடுவாங்க.

விழுந்த மரத்தை எடுக்க வண்டி வரணும். டிரெயின்ஃபீல்டு மேல போகலாமா?

கூடாது. ஊறின மண்ணு மேல பிக்கப் டிரக் ஏறினாக்கூட மண்ணு இறுகி பைப் நசுங்கிடும். நாலு குச்சி நட்டு கயிறு கட்டி விடுங்க, வெட்டின கிளையை அது மேல குவிக்கவும் வேண்டாம். வேரோட சாய்ஞ்ச மரம்னா வேர் பைப்பை தூக்கியிருக்கான்னு பாக்க சொல்லுங்க. தோண்டறதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணணும், ஆனா அவங்க கேஸ், கரண்ட், கேபிள் லைனைத்தான் குறிச்சு கொடுப்பாங்க, உங்க சொந்த செப்டிக் லைனை குறிக்க மாட்டாங்க. முதல் கேள்வில அளந்து வெக்க சொன்னது இதுக்கும்தான்.

யார்டுல தேங்கின தண்ணியில பசங்க விளையாடுறாங்க, பரவாயில்லையா?

உடனே உள்ள கூப்பிடுங்க. பக்கத்து தெருவுல இருக்கிற அத்தனை செப்டிக்கும் அந்த தண்ணியிலதான் கலந்திருக்கு. 2022 செப்டம்பர்ல ஈயன் புயல் அடிச்ச அப்புறம் லீ கவுண்டியில விப்ரியோ வல்னிஃபிகஸ்ங்கற பாக்டீரியா தொற்று வழக்கத்தை விட ரொம்ப கூடுச்சு, சிலர் இறந்தும் போனாங்க. அது செப்டிக்ல இருந்து வர்றது இல்ல, உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணியில வளர்றது, ஆனா கால்ல சின்ன வெட்டு இருந்தா போதும், உள்ள போயிடும். பூட்ஸ், கிளவுஸ் இல்லாம இறங்காதீங்க, டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு பாத்துக்கோங்க.

கிணத்துத் தண்ணியை குடிக்கலாமா?

கிணத்துக் குழாயோட மேல் முனை வரைக்கும் வெள்ளம் ஏறியிருந்தா, குளோரின் போட்டு சுத்தம் பண்ணி, டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்கக் கூடாது. இங்க கிணத்துக்கும் செப்டிக்குக்கும் 75 அடி தூரம் இருக்கணும்னு விதி, வெள்ளத்துக்கு அந்த விதி தெரியாது. அது வரைக்கும் பாட்டில் தண்ணி. அதுவும் இல்லேன்னா நல்லா கொதிச்ச அப்புறம் 1 நிமிஷம் கொதிக்க விடுங்க. கொதிக்க வெக்க வழி இல்லேன்னா வாசனை சேர்க்காத 6 சதவீத பிளீச் ஒரு காலனுக்கு 8 சொட்டு, அரை மணி நேரம் வெச்சிருந்து குடிக்கணும். பெட்ரோல், பூச்சி மருந்து வாடை வந்தா கொதிக்க வெச்சும் பிரயோஜனம் இல்ல.

பாக்டீரியா பொடி, ஈஸ்ட் போட்டா சீக்கிரம் சரியாகுமா?

ஆகாது. காசை மிச்சம் பண்ணுங்க. அதைவிட, வீட்டை கழுவின பிளீச் தண்ணியையும் சேத்துத் தண்ணியையும் பக்கெட் பக்கெட்டா கமோட்ல ஊத்தாம இருந்தாலே பெரிய உதவி.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

சாதாரண வீட்டு பாலிசில வெள்ளம் கிடையாது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்ட பாலிசி தனியா எடுத்திருந்தாலும், நிலத்துக்கு அடியில இருக்கிற கிணறு, செப்டிக் டேங்க் ரெண்டும் கவர் ஆகாதுன்னு அதுலயே எழுதியிருக்கும். அந்த பாலிசியும் பொதுவா 30 நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும், புயல் மேப்ல வந்த அப்புறம் வாங்கி ஒண்ணும் ஆகாது. சாக்கடை வீட்டுக்குள்ள ஏறினதுக்கு வாட்டர் பேக்கப்னு ஒரு கூடுதல் கவரேஜ் இருக்கு, உங்க பாலிசில இருக்கான்னு ஏஜென்ட்டை கேளுங்க, கேக்கும்போதே வெள்ளத்தால பேக்கப் ஆனா செல்லுமான்னும் சேர்த்து கேளுங்க, பல பாலிசில செல்லாது.

உங்க கவுண்டி பேரிடர் பகுதின்னு அறிவிச்சு, சொந்த வீட்டுல நீங்களே குடியிருந்தா, மத்திய அரசோட பேரிடர் உதவி நிறுவனமான ஃபீமா உதவில செப்டிக் ரிப்பேரும் கிணறு ரிப்பேரும் வரும். இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள்ளதான் சுத்திப் பாப்பார், நீங்களா கூட்டிட்டுப் போய் யார்டை காட்டணும். நல்லா இருந்தப்போ எடுத்த போட்டோவும் பம்ப் பண்ணின ரசீதும் கைல இருந்தா பேச்சு சுலபம்.

வாடகை வீடு, இதெல்லாம் ஓனர் வேலைதானே?

ரிப்பேர் ஓனர் வேலைதான். ஆனா கறுப்புத் தண்ணி ஏறப்போறது நீங்க குளிக்கிற ஷவர்ல. கடைசியா எப்ப பம்ப் பண்ணினீங்கன்னு மே மாசமே ஓனருக்கு மெசேஜ் போடுங்க, வாயால கேக்காதீங்க, எழுத்துல இருக்கட்டும்.